கழுவாத படம்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ஹார்ட் டிஸ்க் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகத் தோள் இறங்கிப்போன எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'படம் எடுக்கச் சிறந்தது ராவா, ஜேபெக்கா?' என்பது தலைப்பு. ரா என்றால் கேமரா பதிந்ததைச் சரிசெய்யாமல் அப்படியே சேமிக்கும் ஃபைல், ஜேபெக் என்றால் கேமராவே சரிசெய்து சுருக்கித் தரும் படம். ஜேபெக்கே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குண்டுகளைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ராவில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே 16,384 படிநிலைகள், ஜேபெக்கில் வெறும் 256 என்றார். ராவில் எடுத்தால் எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றார். அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸே ஒரு நெகட்டிவை வைத்துக்கொண்டு பல வருஷம் பிரிண்ட் போட்டார் என்றார். மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் என் பெரியம்மா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு நான்தான் கேமராமேன். அப்போது நானும் எதிரணிக் கட்சி. 640 படங்கள், அத்தனையும் ரா. ஒன்று சுமார் 30 எம்பி என்றால் மொத்தம் 19 ஜிபி. மறுநாளே போன். "படம் எங்கேடா?" "கலர் சரிபண்ணித் தர்றேன் பெரியம்மா." அடுத்த மாதமும் இதே கேள்வி, இதே பதில். நான்காவது மாதம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒரு படம் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. பெரியம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார், ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை. அக்கா மகன் போனில் எடுத்தது. மஞ்சள் கொஞ்சம் தூக்கல். நான் அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா கேட்டார்: "உன் படத்தையெல்லாம் இன்னுமா கழுவிக்கிட்டு இருக்கே?"

நடுவர் அவர்களே, அவர் ஃபிலிம் காலத்து மனுஷி. கழுவாத ஃபிலிம் சுருளை யாரும் படம் என்று சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அன்றைக்கு உறைத்தது.

ரா என்பது என்ன? சென்சாரில் விழுந்த வெளிச்சத்தின் கணக்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றைத்தான் அளக்கும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976ல் காப்புரிமை பெற்ற அடுக்குமுறை அது. பாதிப் பிக்சல் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். (ஃபுஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றில் அடுக்கு வேறு மாதிரி, அந்தச் சண்டை இன்றைக்கு வேண்டாம்.) விடுபட்ட இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்ப வேண்டும். அப்புறம் வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், புள்ளிப் புள்ளியாகத் தெரியும் நாய்ஸைக் குறைப்பது, ஷார்ப்னஸ் கூட்டுவது. யாராவது இத்தனையும் செய்தால்தான் அது பார்க்கும்படியான படம். ஜேபெக்கில் இதைக் கேமரா செய்கிறது, கண் சிமிட்டும் நேரத்தில். ராவில் நீங்கள் செய்ய வேண்டும், வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை.

சரி, முதல் குண்டு. 16,384க்கு எதிராக 256. கேட்கும்போது ஏதோ கடலுக்கும் கிண்ணத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இருக்கிறது. ஆனால் இரண்டையும் அளந்த கோல் ஒன்றல்ல. ராவின் கணக்கு நேர்க்கணக்கு. வெளிச்சம் பாதியாகக் குறைவதையோ இரண்டு மடங்காகக் கூடுவதையோ ஒரு ஸ்டாப் என்கிறோம் அல்லவா? 14 பிட் ரா என்கிற இந்த 16,384 படிநிலைகளில் பாதி, அதாவது 8,192, மிக வெளிச்சமான அந்த ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்ததற்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகத் தேய்ந்து பத்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது கையில் மிஞ்சுவது 16. நம் கண்ணோ நேர் எதிர். இருட்டில் சின்ன வித்தியாசமும் அதற்குத் தெரியும். பளீர் வெளிச்சத்தில் அதே அளவு வித்தியாசம் தெரியாது. ஜேபெக்கின் 256 படிகளும் கண்ணின் இந்தப் போக்குக்கு ஏற்றபடி வளைத்துப் பங்கிட்டவை. ஒன்றை முழத்திலும் மற்றதை மீட்டரிலும் அளந்துவிட்டு இது அறுபத்து நான்கு மடங்கு என்றால் எப்படி?

ஜேபெக் விவரத்தைத் தூக்கி எறிகிறது என்றும் சொன்னார்கள். எறிகிறது. எதை என்று பாருங்கள். படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண் சட்டென்று கவனிக்காத நுண்ணிய ஏற்ற இறக்கங்களைக் குறைக்கிறது. நிறத்தைவிட ஒளி வேறுபாட்டைத்தான் கண் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் பெரும்பாலும் நிறத் தகவலில் முதலில் கை வைக்கிறது. மனிதக் கண்ணை உட்காரவைத்து யோசித்துச் செய்த வேலை இது. எடுத்த படத்தை முழு அளவில் திரையில் வைத்து இது ராவிலிருந்து வந்தது, இது கேமராவின் ஜேபெக் என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றால், எதிரணியில் முக்கால்வாசிப் பேர் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அதற்காக ராவில் கூடுதல் விவரம் இல்லை என்று சாதிக்கமாட்டேன். நிழலை மூன்று ஸ்டாப் ஏற்றினால் ஜேபெக் திட்டுத் திட்டாக உடையும், ரா தாங்கும். விநாடிக்கு ஒரு நிறம் மாறும் மேடை விளக்கில் நானும் ராவில்தான் எடுப்பேன். எதிரணி இதற்கு ஒருமுறை கைதட்டிக்கொள்ளலாம். ஆனால் தினமும் மேடை விளக்கிலா படம் எடுக்கிறோம்? எடுக்கிற ஒவ்வொன்றும் மூன்று ஸ்டாப் ஏற்ற வேண்டிய படம் என்றால், கோளாறு ஃபைலில் இல்லை.

இரண்டாவது குண்டு, பிறகு திருத்தலாம் என்பது. எதைத் திருத்துவீர்கள்? சமீபத்தில் குழந்தைகளின் ஓட்டப்பந்தயம் ஒன்றை எடுத்தேன். எடுத்ததில் பாதிக்கு மேல் அழித்தேன். ஏன் அழித்தேன் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் ஃபோகஸ் ஓடுகிற பெண் மேல் இல்லை, பின்னால் இருந்த வேலியின் மேல். ஒன்றில் கண் மூடியிருக்கிறது. ஒன்றில் கை ஆடியிருக்கிறது. ஒன்றில் எல்லாம் சரி, ஆனால் குறுக்கே நடுவரின் விசில் தொங்குகிறது (நீங்கள் இல்லை ஐயா, பந்தய நடுவர்). அத்தனையும் ராவாக இருந்திருந்தால் இதில் எது பிழைத்திருக்கும்? ஒயிட் பேலன்ஸ் தப்பு என்றோ எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விட்ட வெளிச்சத்தின் அளவு, தப்பு என்றோ அழித்தது விரல் விட்டு எண்ணும் அளவு. வெளிச்சத்தில் மூன்று நிறமும் முழுதாக நிரம்பிப்போன இடம் ராவிலும் வெறும் வெள்ளைதான். இன்னொன்று, அந்தப் பந்தயத்தில் என் பக்கத்தில் நின்றவர் ராவில் சடசடவென்று சுட்டுக்கொண்டே வந்தார். கடைசிப் பத்து மீட்டரில், எடுத்த படங்களைத் தற்காலிகமாக வைக்கும் பஃபர் நிரம்பி கேமரா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. முதலாவதாக வந்த பிள்ளை கயிற்றைத் தொட்ட நொடி அவரிடம் இல்லை. இல்லாத படத்தை எந்த மென்பொருளில் திருத்துவது?

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு கையில் இருக்கும்போது கண் சோம்பிப் போகிறது. என் அனுபவத்தில் சொல்கிறேன். ஜேபெக்குக்கு மாறிய முதல் வாரம் பயமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம், எவ்வளவு என்று ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே பார்க்க ஆரம்பித்தேன். அரை ஸ்டாப் குறைக்கலாமா என்று அங்கேயே யோசித்தேன். பத்து வருஷம் ராவில் எடுத்தபோது அதை ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆடம்ஸுக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் சொன்னது 1941ல் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற ஊருக்கு மேல் நிலா எழுவதை அவர் எடுத்த படம். அதிலிருந்து பின்னாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார், வானத்தை வரவர இருட்டாக்கினார், உண்மைதான். ஆனால் படம் எடுத்த கதையைத் தலைவர் பாதியில் விட்டுவிட்டார். சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. கல்லறைச் சிலுவைகளின் மேல் விழும் கடைசி வெளிச்சம் போகப்போகிறது. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைத் தேடுகிறார், கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் இவ்வளவு என்று மனப்பாடமாகத் தெரிந்ததை வைத்து மனக்கணக்கில் எக்ஸ்போஷர் போட்டு ஒன்று எடுக்கிறார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளில் வெளிச்சம் போய்விட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று எடுத்தவரா அவர்? அந்த நொடியில் முடிவெடுத்தவர். எங்கள் அணிக்காரர். அப்புறம் அவர் டார்க் ரூமில் கழித்த வருஷங்களில் பத்தில் ஒரு பங்கு நேரத்தை நீங்களும் கழித்தால், நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.

செய்தி உலகத்தையும் தொட்டுவிடுகிறேன். 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தனக்குப் படம் அனுப்பும் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம், ராவிலிருந்து உருவாக்கிய ஜேபெக் வேண்டாம், கேமராவே ஜேபெக்காகப் பதிந்த படத்தை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. ரா எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, எடுத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அர்த்தம். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு: வேகம், நம்பகம்.

ஜேபெக் தரம் வெளியானது 1992ல். அந்தக் காலத்து ஜேபெக்கை இன்றைய போனில் தொட்டால் திறக்கும். கேனனுக்கு ஒரு ரா, நிக்கானுக்கு ஒரு ரா, சோனிக்கு ஒரு ரா. மென்பொருள் நிறுவனமான அடோபி 2004ல் டிஎன்ஜி என்று எல்லோருக்கும் பொதுவான ரா வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தும் இந்த மூவரும் கேமராவில் தங்கள் பாட்டையேதான் பாடுகிறார்கள். புதுக் கேமரா வாங்கினால், பழைய மென்பொருள் அதன் ராவைப் பார்த்து நீ யார் என்று கேட்கும்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா, இரண்டையும் சேர்த்து எடுக்கலாமே என்று சொல்வார், பாருங்கள். அவர் முகத்திலேயே தெரிகிறது. அது பட்டிமன்றத்திலிருந்து தப்பிக்கிற வழியம்மா. அந்த இரண்டில் எதை முதலில் பெரியம்மாவுக்கு அனுப்புவீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

நடுவர் மணியை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா. மேடை ஏறுவதற்கு முன்னால் எதிரணித் தலைவர் தன் கேமராவை என்னிடம் நீட்டினார். பின்பக்கத் திரையில் ஒரு படம். மழை நின்ற தெரு, நனைந்த சைக்கிள், நல்ல படம். "பார்த்தீர்களா? இதுதான் ரா" என்றார் பெருமையாக. மேடை நாகரிகம் கருதி அப்போது நான் எதுவும் சொல்லவில்லை. ராவை அப்படியே அந்தத் திரையில் காட்ட முடியாது ஐயா. ரா ஃபைலுக்குள்ளேயே கேமரா ஒரு சின்னப் படத்தைச் செய்து பொதிந்து வைக்கிறது. திரையில் தெரிவது அது. பக்கத்தில் தெரிகிற ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடமும் அப்படிச் செய்த படத்தின் கணக்குதான். நீங்கள் பெருமையாகக் காட்டியது, ஐயா, ஒரு ஜேபெக்.

மணி அடிக்கலாம். நன்றி, வணக்கம்.