பட்டாணி அளவு எலும்புக்குள் யார் எட்டிப் பார்ப்பது?

வணக்கம். கோழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதீர்கள். 1980களில் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுகளைப் பயங்கர இரைச்சலில் வைத்து, உள்காதில் எத்தனை செல்கள் செத்திருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் முடிந்த கையோடு பார்த்தால் சொட்டை விழுந்த மாதிரி வெற்றிடம். சில நாள் கழித்துப் பார்த்த குஞ்சுகளிலோ அதே இடத்தில் புதுசாகச் சின்னச் சின்ன செல்கள். எண்ணியதில்தான் ஏதோ தப்பு என்று யாருக்கும் தோன்றும். தப்பில்லை. 1988இல் 'சயன்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. கோழிக்குஞ்சைப் பற்றி ஜெஃப்ரி கார்வினும் டக்ளஸ் கோட்டாஞ்சும், காடையைப் பற்றி பிரெண்டா ரயால்ஸும் எட்வின் ரூபெலும் எழுதியவை. பறவைக்குச் செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்கிறது. மீனுக்கும் முளைக்கும். நமக்கு முளைக்காது.

மயிர்ச்செல் என்றதும் தாத்தாக்கள் காதைத் தடவிப் பார்க்க வேண்டாம், அந்த முடி இல்லை இது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட, பட்டாணி அளவே உள்ள காக்லியாவுக்குள், ஒரு காதுக்குச் சுமார் 15,000 செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகளாக ஒரு குஞ்சம். ஒலி வந்து உள்ளே இருக்கிற திரவம் அசைந்தால் குஞ்சம் சாயும், சாய்ந்தால் நுண்துளைகள் திறந்து பொட்டாசியம் உள்ளே பாயும், அந்த மின்மாற்றம்தான் நரம்புக்குப் போகிற சேதி. உள்வரிசையில் இருக்கிற சுமார் 3,500 செல்கள்தாம் சேதி சொல்பவை. வெளியே மூன்று வரிசையாக நிற்பவை நீண்டு சுருங்கி மெல்லிய ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற உதவியாளர்கள்.

இவ்வளவும் பிறக்கும் முன்பே செய்து முடிந்த சரக்கு, அப்புறம் சப்ளை கிடையாது. வயசு, இரைச்சல், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்குகள், புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின் என்று ஒவ்வொன்றும் இதில் கை வைக்கும். சுருளின் வாசலில் இருக்கிற, கீச்சென்ற ஒலிகளுக்கான செல்கள்தாம் பெரும்பாலும் முதலில் போகின்றன. உயிரெழுத்தின் கனம் அப்படியே கேட்கும், மெய்யெழுத்தின் கூர்மை போய்விடும். எங்கள் அத்தை சொல்வது இதைத்தான்: "சத்தம் கேக்குதுடா, நீ என்ன சொல்றேன்னுதான் புரியல." நாங்கள் பத்து வருஷமாக அவர் கவனிப்பதில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, கோழிக்கு முளைப்பது எப்படி? மயிர்ச்செல்லுக்குப் பக்கத்திலேயே தாங்கு செல்கள் என்று சில உண்டு. பறவையில் அவை பிரிந்து பெருகியோ, நேராக வேஷம் மாறியோ மயிர்ச்செல் ஆகிவிடுகின்றன. நமக்கும் தாங்கு செல் இருக்கிறது, வேஷம் மாறத்தான் மாட்டேன் என்கிறது. இதை மாற்றவைக்கிற சாவி கையில் இல்லாமல் இல்லை. ஏடிஓஎச்1 என்ற மரபணு இல்லாத எலிகளில் மயிர்ச்செல்லே உருவாவதில்லை என்று 1999இல் ஹூடா ஸோக்பியின் குழு காட்டியது. அதையே வைரஸில் ஏற்றி உள்காதுக்குள் செலுத்தும் சோதனையை 2014இல் நோவார்ட்டிஸ் மருந்துக் கம்பெனி மனிதர்களிடம் தொடங்கியது, மருந்தாக எதுவும் வரவில்லை. 2013இல் பாஸ்டனில் ஆல்பர்ட் எட்ஜின் குழு, தாங்கு செல்லை அடக்கிவைக்கிற சமிக்ஞையை ஒரு மருந்தால் தடுத்து, இரைச்சலில் காது போன எலிகளுக்கு ஓரளவு கேட்கவைத்தது. அந்த வகை மருந்து ஐரோப்பாவில் மனிதர்களுக்குப் போனபோது ஆபத்தில்லை என்று தெரிந்தது, ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எலியில் செல் முளைத்ததா என்று தெரிய வேண்டுமானால் எலியைக் கொன்று எண்ணலாம். மனிதருக்கு? உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் அது புதைந்திருக்கிறது, கிள்ளி எடுத்துப் பார்க்கப் போனால் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போய்விடும், ஸ்கேனில் ஒற்றைச் செல் தெரியாது. அதனால் மருந்து தோற்றால் ஏன் தோற்றது என்றே தெரிவதில்லை. உள்ளே போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் முளைக்கவில்லையா, முளைத்தும் நரம்போடு சேரவில்லையா? நோயாளி வாயால் சொல்வதைத்தான் பெரிதும் நம்ப வேண்டும்.

ஃபிரீக்வென்சி தெரப்யூட்டிக்ஸ் கம்பெனியின் எஃப்எக்ஸ்-322 என்ற மருந்தின் கதை அதுதான். செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசியால் விடுகிற ஜெல், உள்ளே இரண்டு மருந்துகள். முதல் சிறு சோதனையில் சிலருக்கு வார்த்தை பிடிபடுவது நன்றாகவே கூடியது. உலகம் முழுக்கக் காது மந்தமானவர்கள் அந்த நாளில் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் தெரியுமா! 2021இல் பெரிய சோதனையில் வாரம் ஒன்றாக நான்கு ஊசி, பலனில்லை. விநோதம் என்னவென்றால் வெறும் ஜெல் போட்டவர்களுக்கும் கேட்பது கூடியிருந்தது. சோதனையில் இடம் கிடைக்க வேண்டுமென்று ஊசிக்கு முன் நடந்த செவிப் பரிசோதனையில் சிலர் இருப்பதைவிடக் குறைவாகக் கேட்பதாகக் காட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தது. அவர்களை என்னால் திட்ட முடியவில்லை. இந்த ஓட்டையை அடைத்து மறுபடி ஒரு சோதனை செய்தார்கள். 2023 பிப்ரவரியில் முடிவு வந்தது: மருந்துக்கும் வெறும் ஜெல்லுக்கும் வித்தியாசமில்லை. கம்பெனி காது வேலையையே கைவிட்டது.

ஷாங்காயிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்கு மரபணு சிகிச்சையால் கேட்டதாக 2024இல் செய்தி வந்ததே என்று கேட்பீர்கள். அது உண்மை, நல்ல சேதி. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு மயிர்ச்செல் உயிரோடு இருந்தது, சேதியை நரம்புக்குக் கடத்துகிற ஓட்டோஃபெர்லின் என்ற புரதம்தான் இல்லை. இருக்கிற வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது வேறு, இடிந்த வீட்டைக் கட்டுவது வேறு. இந்த வித்தியாசத்தை மறைத்து "ஸ்டெம் செல் போட்டால் காது வரும்" என்று எங்கள் அத்தையிடமும் ஒருவர் லட்சங்களில் பேசினார், பேர் வேண்டாம்.

போன மாதம் அத்தையைச் செவிப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போனோடு உட்கார்ந்து, கேட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'பாட்டு' என்று வந்ததற்கு 'காட்டு' என்றார், 'காசு' என்றதற்குக் கொஞ்ச நேரம் யோசித்து 'காது' என்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சரியாச் சொல்லிட்டேன் இல்ல?" என்று கேட்டார். காது மிஷின் வாங்கியாகிவிட்டது. பேட்டரி மாற்றுவதுதான் இன்னும் பழகவில்லை.