கணக்கில் வராத நான்கு வருடங்கள்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் ரொறன்ரோவில் கட்டட வேலை செய்கிற ஒரு எலக்ட்ரீசியன். யூனியன் மூலமாக இந்தத் தொழிலுக்கு எப்படி வருவது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள் என இந்த வானொலியில் கேட்டார்கள். சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்கு முதல், நான் இழந்த நான்கு வருடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கனடாவுக்கு வந்த மூன்றாம் மாதமே, தெரிந்த ஒருவர் மூலம் ஒரு சிறிய ஒப்பந்தகாரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீடுகளுக்கு வயர் இழுப்பது, பெட்டி பூட்டுவது, லைட் போடுவது. கிழமை முடிவில் கையில் காசு. நான்கு வருடத்தில் கை நன்றாகப் பழகிவிட்டது. ஒரு பேஸ்மென்டைத் தனியாளாக முடிப்பேன். சரி, இனி லைசன்ஸ் எடுப்போம் என்று போய் விசாரித்தபோதுதான், என் பெயர் எங்கேயும் பதியப்படவே இல்லை என்று தெரிந்தது. செய்த வேலைக்கு ஒரு கடிதம் தாருங்கள் என்று கேட்டேன். அவர் தரவில்லை. நான்கு வருட உழைப்பில் ஒரு மணித்தியாலம்கூடக் கணக்கில் இல்லை. அன்று இரவு வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஒன்ராறியோவில் எலக்ட்ரீசியன் வேலை கட்டாயத் தொழில். அதாவது, சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவு செய்த அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுபவராக, இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நான் சட்டப்படி அந்த வயரைத் தொட்டிருக்கவே கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதும் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படி வேலை செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து இன்றைக்கே கேளுங்கள்: என்னைப் பதிந்திருக்கிறீர்களா, என் பயிற்சி ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள்.

309 ஏ என்பது கட்டட எலக்ட்ரீசியனுக்கான தொழில் எண். மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில் 8,160 சைட்டில், 840 வகுப்பில். வகுப்பு மூன்று கட்டமாக வரும்: முதலில் 8 கிழமை, பிறகு 10, பிறகு 10. வகுப்பில் இருக்கும் நாட்களில் வேலையிழப்புக் காப்புறுதிப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4,000 டொலர் வரை வட்டியில்லாக் கடனும் மத்திய அரசிடம் உண்டு. கடைசியில் ஒரு சோதனை. அதில் 70 வீதம் எடுத்தால் சிவப்பு முத்திரையோடு சான்றிதழ் வரும். கனடாவின் எந்த மாகாணத்திலும் அதற்கு மதிப்பு உண்டு.

இந்த மணித்தியாலங்களை யூனியனுக்கு வெளியிலும் முடிக்கலாம். பிறகு யூனியன் எதற்கு என்று கேட்பீர்கள். வெளியில் உங்கள் பயிற்சி ஒப்பந்தம் ஒரு முதலாளியோடு. அவர் வேலை இல்லை என்று நிறுத்தினால், உங்களைப் பதிந்துகொள்ள இன்னொருவரை நீங்களே தேட வேண்டும். யூனியனில் ஒப்பந்தம் ஒரு கூட்டுக் குழுவோடு. சர்வதேச மின் தொழிலாளர் சகோதரத்துவத்தின் ரொறன்ரோக் கிளை, 353ஆம் சங்கம், ஒப்பந்தகாரர்களோடு சேர்ந்து இங்கே அந்தப் பயிற்சியை நடத்துகிறது. கட்டட வேலையில் ஒரு சைட் முடிந்தால் ஆட்களைக் குறைப்பார்கள், அது வழக்கம். அப்போது நீங்கள் வேலைக்குக் காத்திருப்போரின் சங்கப் பட்டியலுக்குத் திரும்புவீர்கள், அங்கிருந்து அடுத்த கம்பனிக்கு அனுப்புவார்கள். அப்ரெண்டிஸாக நான் நான்கு கம்பனிகளில் வேலை செய்தேன். மணித்தியாலம் மட்டும் ஒரே கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

சம்பளமும் பேரம் பேசி வாங்குவதல்ல. தேர்ந்த எலக்ட்ரீசியனை இங்கே ஜேர்னிமேன் என்பார்கள். அவருடைய சம்பளத்தில் 40 வீதத்தில் தொடங்கி, 1,800 மணித்தியாலத்துக்கு ஒரு படியாக 80 வீதம் வரை ஏறும். யார் பிள்ளை, எந்த ஊர் என்று அங்கே கேள்வி இல்லை.

உள்ளே போவது லேசில்லை. விண்ணப்பம், பிறகு கணக்கும் வாசிப்பும் பார்க்கும் ஒரு சோதனை, பிறகு நேர்முகம். 12ஆம் வகுப்புக் கணக்கும் பௌதிகமும் இருந்தால்தான் நம்பிக்கையோடு போகலாம். ‘படிப்பு ஏறவில்லை, ஏதாவது கைத்தொழிலுக்கு விடுவோம்’ என்று சில பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கணக்கு ஓடாத பிள்ளைக்கு இந்தத் தொழில் கஷ்டம். எனக்குப் பின்னங்கள் மறந்துபோயிருந்தன. ஆறு மாதம் இரவு வகுப்புக்குப் போய் மறுபடி படித்தேன். அப்போது எனக்கு வயது 27, பக்கத்து மேசையில் 50 வயது அம்மா ஒருவர்.

அந்தக் கணக்கு எதற்கு என்று பைப் வளைக்கும்போது விளங்கியது. அரை அங்குல இரும்புப் பைப் ஒன்று சுவர் வழியே போகிறது, நடுவில் நான்கு அங்குலத் தடை. அதைத் தாண்ட 30 பாகையில் இரண்டு வளைவு வேண்டும். 30 பாகைக்குப் பெருக்கும் எண் இரண்டு. நான்கை இரண்டால் பெருக்கு, எட்டு. எட்டு அங்குல இடைவெளியில் பென்சிலால் இரண்டு கோடு. வளைத்த பிறகு பைப்பின் நீளம் ஒரு அங்குலம் குறையும், அதை முதலே சேர்த்துக்கொள். என் முதல் ஜேர்னிமேன் நியூபவுண்ட்லாண்ட்காரர். பைப்பைக் கையால் வளைக்காதே, காலால் மிதி என்று காட்டித் தந்தார். என் இரண்டாவது வளைவு முறுகி, பைப் நாயின் பின்னங்கால் மாதிரி நின்றது. அவர் ஏசவில்லை. பத்து அடிப் பைப் இன்னொன்றை எடுத்துத் தந்து, மறுபடி செய் என்றார். அன்று ஐந்து பைப் வீணானது. ஆறாவது சுவரோடு ஒட்டி உட்கார்ந்தபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

முந்தைய நான்கு வருடத்தில் நான் ஒரு பைப்கூட வளைத்ததில்லை. வீடுகளில் எல்லாம் லூமெக்ஸ் வயர்தான், பிளாஸ்டிக் உறை போட்டது, அதற்குப் பைப் தேவையில்லை. எனக்குத் தொழில் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், தெரிந்தது அதன் ஒரு மூலை மட்டும்.

அப்புறம் பாதுகாப்பு. இங்கே பெரிய கட்டடங்களில் லைட்டுக்கு வருவது பெரும்பாலும் 347 வோல்ட். அது இரண்டாம் வாய்ப்புத் தராது. பழைய இடத்தில் ‘பிரேக்கரை நிறுத்தாதே, வீட்டுக்காரர் சத்தம் போடுவார், அப்படியே செய்’ என்பார்கள், செய்திருக்கிறேன். புதிய இடத்தில் முதல் நாளே என் பெயர் போட்ட பூட்டு ஒன்று தந்தார்கள். பிரேக்கரை நிறுத்து, பூட்டு, திறப்பை உன் பொக்கெட்டில் வை. பிறகு மீற்றரை மின் இருக்கும் இடத்தில் வைத்துப் பார், வேலை செய்யும் வயரில் வைத்துப் பார், மறுபடி மின் இருக்கும் இடத்தில் வைத்துப் பார். மீற்றர் நடுவில் பழுதாகியிருந்தால், இருக்கிற மின்னையும் இல்லை என்றுதான் காட்டும். ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் தொழிலாளர்களுக்கு உண்டு. ஆனால் 21 வயதுப் பிள்ளை தனியாக நின்று அதைச் சொல்வதற்கும், பின்னால் ஒரு சங்கம் நிற்கச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எங்கள் கிளையின் தாய்ச் சங்கமான அந்தச் சர்வதேசச் சகோதரத்துவம் 1891இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில் தொடங்கியது. முதல் தலைவர் ஹென்றி மில்லர், கம்பங்களில் ஏறி வேலை செய்தவர். 1896இல் வாஷிங்டனில் வேலையில் இருந்தபோது மின்தாக்கிக் கீழே விழுந்து இறந்தார். பாதுகாப்பு வகுப்பில் அவரைப் பற்றிக் கேட்ட நாளிலிருந்து என் பூட்டை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

பெற்றோருக்கு ஒன்று. 11, 12ஆம் வகுப்பிலேயே பாடசாலை வழியாகத் தொழில் பழகும் திட்டம் ஒன்ராறியோவில் உண்டு. பாடசாலை வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள். மகளுக்கும் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு மைனஸ் இருபதில் சைட்டில் நிற்க வேண்டும், வேலை இல்லாத மாதங்களும் வரும். அதையும் மறைக்காமல் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இப்போது என்னோடு ஒரு அப்ரெண்டிஸ் இருக்கிறாள், ஸ்காபரோப் பிள்ளை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலைப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டுவருவாள். அந்தக் கிழமை பழகியவற்றைப் பார்த்து நான் கையெழுத்துப் போடுவேன். மணித்தியாலத்தை அவளே தனிக் கொப்பி ஒன்றிலும் எழுதி வைக்கிறாள். அது நான் சொல்லிக் கொடுத்தது. போன வெள்ளி அந்தக் கொப்பியில் 3,640 என்று இருந்தது. மூன்றாம் படிக்கு வந்துவிட்டாள்.

நன்றி, வணக்கம்.