மடக்குப் போனும் கடப்புறத்து மணலும்

அடுத்தது முட்டத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, மடக்குற போன் வாங்க ஆசை. கண்ணாடி எப்படிண்ணே மடங்குது? நடுவுல பொட்டிராதா? வீடு கடப்புறத்துல, காலம்பற மீன் ஏலத்துக்குப் போவேன்."

தம்பி, கடைசியா ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அதான் விஷயம். அதுக்கு வாறேன்.

மொதல்ல கண்ணாடி. தென்ன மட்டையை வளைச்சுப் பாருங்க, முடியாது. ஈர்க்கிலை வளைங்க, வட்டமாவே வளையும். ரெண்டும் ஒரே ஓலையில உள்ளதுதான். எதை மடக்கினாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருக்குப்படும். கனம் கூடினா அந்த இழுப்பும் கூடும், கண்ணாடி பொட்டும். 2020ல வந்த சாம்சங் இசட் ஃபிளிப்ல கண்ணாடி வெறும் 30 மைக்ரான். தலைமுடியை விட மெல்லிசு. அடியில படம் காட்டுற ஓஎல்இடி அடுக்கு தானாவே ஒளி விடும், பின்னால லைட் தேவையில்ல. அதனால பிளாஸ்டிக் மேலயே அதைப் படிய வெச்சிரலாம்.

ஆனா நம்ம விரல் படுகது கண்ணாடியில இல்ல. அதுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் படலம் உண்டு. நகம் அழுத்தினாலே தடம் விழும். 2019ல வந்த சாம்சங்கோட மொத மடக்குப் போன் ஃபோல்டுல கண்ணாடியே கெடையாது, பிளாஸ்டிக் மட்டும்தான். ஏப்ரல்ல விமர்சனத்துக்குக் கொடுத்தப்போ, சிலபேரு மேல உள்ள படலத்தை ஸ்கிரீன் கார்டுன்னு நெனச்சு உரிச்சிட்டாங்க. திரை போச்சு! கீல் சந்து வழியா தூசி போனதும் ஒரு பிரச்சினை. மூடியெல்லாம் போட்டு செப்டம்பர்லதான் விக்கத் தொடங்குனாங்க.

இனி உங்க கடப்புறம். நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல இல்மனைட்டு, கார்னெட்டு, சிர்கான்னு தாதுவெல்லாம் கெடக்கு. கார்னெட்டு உப்புத்தாள்ல ஒட்டுற சரக்கு. கண்ணாடியவே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? இதுல இன்னொரு கூத்து, போனு மூடி நிக்க ஓரத்துல காந்தம் வெச்சிருக்காங்க. ஆலையில இல்மனைட்டைப் பிரிக்கதும் காந்தத்தை வெச்சுதான். போன்ல உள்ளது அவ்வளவு பலமில்ல, சரி. ஆனாலும் ரெண்டு மணி மணல் உள்ள இருக்க மூடினீங்கன்னா, அம்மியில வெச்ச கதைதான்.

தூசி, தண்ணியை எவ்வளவு தடுக்கும்னு சொல்ல, கடையில ஐபி48ன்னு ஒரு நம்பரைக் காட்டுவாங்க. அந்த 4க்கு அர்த்தம், 1 மில்லிமீட்டருக்கு மேல உள்ளதுதான் உள்ள போகாது. உங்க வீட்டு முத்தத்து மணலு அதை விடப் பொடிசு. 8 தண்ணிக்குள்ளது, அதுவும் நல்ல தண்ணிக்கு. கடல் தண்ணிக்கு இல்ல. 2025ல கூகுள் விட்ட பிக்சல் 10 புரோ ஃபோல்டுக்கு ஐபி68 உண்டு, 6ன்னா தூசியும் போகாது. அப்பவும் படலம் பிளாஸ்டிக்தான் பாத்துக்கிடுங்க.

நாகர்கோவில்ல ஆபீஸ் வேலைன்னா வாங்குங்கன்னே சொல்லிருப்பேன். மடக்கி மடக்கி ஒடியும்னு பயப்பட வேண்டாம், அதெல்லாம் லட்சக்கணக்குல மடக்கிப் பாத்துதான் விடுகாங்க. ஏலக்களத்துக்கு மட்டும் பழைய போனைக் கொண்டு போங்க. காசு கொடுக்கதுக்கு முன்னால, உள் திரை போனா மாத்த எவ்வளவு ஆகும்னு கடைக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க.