வைஃபை அலையை வட்டமாக வரையாதீர்கள்

வணக்கம். இன்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வரைந்து காட்டப் போகிறேன்: எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுக்குள் உலவும் வைஃபை அலை.

இணையத்தில் தேடினால் எல்லாம் ஒரே அச்சு. நடுவில் ரூட்டர், சுற்றிலும் நீல வட்டங்கள். வெட்டவெளிக்கு அது பொருந்தலாம். பீரோவும் தண்ணீர் ட்ரம்மும் நெருக்கியடிக்கும் வீட்டில் எந்த அலைக்கும் வட்டம் போட இடம் கிடையாது.

முதலில் அலையின் உருவ அளவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம், அதாவது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை, 12.5 செ.மீ., ஏறத்தாழ அரைச் சாண். இதோ, கையை வைத்துக் காட்டுகிறேன். 101.4 எஃப்.எம். ரெயின்போவின் அலை சுமார் 3 மீட்டர். தரையில் நிறுத்தினால் கூரையை முட்டும். 720 கிலோஹெர்ட்ஸில் வரும் சென்னை வானொலியின் மத்திய அலைக்கு 416 மீட்டர்! மூன்றையும் ஒரே தாளில் ஒரே அளவுகோலில் வரைந்தால் வைஃபை பென்சில் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆகவே தனித்தனித் தாள்கள்.

அடுத்தது அளப்பது. புள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல் தரையில் அடிக்கொரு சாக்பீஸ் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கைபேசியைப் பிடித்து, சிக்னலின் பலத்தைச் செயலி டெசிபல் கணக்கில் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டேன். ரூட்டர் அருகே மைனஸ் 40, பின்கட்டில் மைனஸ் 70. சின்ன வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். 30 டெசிபல் இறங்கினால் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எந்தப் பென்சிலிலும் ஆயிரம் மடங்கு அழுத்தம் காட்ட முடியாது. அதனால் பத்து டெசிபலுக்கு ஒரு நிறம் என்று பிரித்துக்கொண்டேன்: குங்குமச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கடைசியில் சாம்பல். நிறம் முழுக்க என் கற்பனை, எல்லைக்கோடு அளவெடுத்தது.

பீரோவைப் பாருங்கள், படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரும்பின் பின்னால் சாம்பல் நிழல். முன்னால் வரிவரியாக மேடு பள்ளம். நேராக வரும் அலையும் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று வளர்க்கின்றன, சில இடங்களில் அழிக்கின்றன. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே அரை அலைநீளம், சுமார் 6 செ.மீ. தான். அதைப் பிடிக்க இங்கே மட்டும் இரண்டு விரல் இடைவெளியில் அளக்க வேண்டியிருந்தது. கைபேசியைக் கொஞ்சம் நகர்த்தியதும் சில நேரம் தொடர்பு சீராவதும் இந்தப் பள்ளங்களால்தான்.

ட்ரம்முக்கு இரண்டு படங்கள், காலியாக ஒன்று, நிரம்பியதாக ஒன்று. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும் என்பதால் நிரம்பிய நாளில் நிழல் அடர்ந்துவிடுகிறது.

2011இல் ஆஸ்லோவில் வடிவமைப்பாளர்கள் 80 விளக்குகள் கட்டிய 4 மீட்டர் கம்பத்தோடு இரவில் தெருத்தெருவாக நடந்து, வைஃபையின் ஏற்ற இறக்கத்தை ஒளிச்சுவராகப் புகைப்படம் எடுத்தார்கள். அற்புதமான வேலை. நம் தெருவில் அந்தக் கம்பத்தோடு நடந்தால் முதலில் கேபிள் ஒயர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சமையலறையை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்குள்ள மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அது ஓடும்போது வைஃபை படும் பாட்டை அடுத்த காணொளியில் தனியாக வரைகிறேன்.