ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் முன் ஆறாம் வகுப்பைப் போய்ப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இப்போது காலை ஏழே முக்கால் மணி. எனக்குப் பின்னால் தெரிகிற இரண்டு அறைக் கட்டடம்தான் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வீட்டு வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். சின்னவனுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது, வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பு. "அக்கா படித்த பள்ளிதானே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, சேர்த்துவிடு" என்கிறார் என் மாமியார். நான் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் பள்ளியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இது முடிந்த பிறகு என்ன என்பதுதான் என் கேள்வி.

பெரியவள் இங்கேதான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். இரண்டு ஆசிரியைகள், ஐந்து வகுப்புகள். பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும், மீதிப் பேர் அதே அறையில் எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் டீச்சரே வீட்டுக்கு வந்து விசாரிப்பார். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பொங்கலும் கிச்சடியும் பள்ளியிலேயே சாப்பிட்டாள். நான்காம் வகுப்பில் தாத்தாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினாள். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஐந்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அன்றுதான், அடுத்து எந்தப் பள்ளி என்று நானும் அவள் அப்பாவும் முதன்முதலாகப் பேசினோம். ஐந்து வருடம் இருந்தது, பேசவில்லை. மே மாதம் முழுவதும் வெயிலில் அலைந்தோம்.

அவள் இங்கே ஆங்கில வழியில் படித்தவள். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டதால், ஆறாம் வகுப்பிலும் அது தானாகக் கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு தமிழ் வழி மட்டும்தான். டவுனில் இருக்கும் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழி உண்டு, ஆனால் நாங்கள் போய் நின்றபோது அந்தப் பிரிவு நிரம்பிவிட்டது. மார்ச்சிலேயே பெயர் கொடுத்தவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடைசியில் அதே பள்ளியில் தமிழ் வழியில் சேர்த்தோம். தமிழில் படிப்பது குறை என்று நான் சொல்லவே மாட்டேன், நானும் தமிழ் வழியில் படித்தவள்தான். ஆனால் பின்னத்தின் மேலே இருப்பதை நியூமரேட்டர் என்று பழகிய பிள்ளை, திடீரென்று தொகுதி, பகுதி என்று கேட்டு விழித்தாள். கணக்கு தெரியும், கேள்வி புரியவில்லை. அரையாண்டு வரை தினமும் இரவு என்னிடம் அழுதாள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பிலேயே தமிழ் வழியில் சேர்த்திருப்பேன். இல்லையென்றால் மார்ச்சில் போய் வரிசையில் நின்றிருப்பேன்.

அடுத்து நான் சொல்வதைப் பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது கழிப்பறையைப் பாருங்கள். அலுவலக அறையோடு திரும்பி வந்துவிடாதீர்கள். என் மகள் சேர்ந்த புதிதில் அங்கே பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் மதியத்துக்கு மேல் வராது. வீட்டிலிருந்து கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே கொண்டுவருவாள். காலையிலிருந்து மாலை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. ஆறாம், ஏழாம் வகுப்பு என்பது பெண் பிள்ளைகள் வயதுக்கு வருகிற காலம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் நான்கு அம்மாக்கள் எழுந்து பேசினோம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. தாழ்ப்பாளும் வந்தது, தண்ணீர்த் தொட்டியும் வந்தது. ஆனால் அதற்குள் ஒரு வருடம் போய்விட்டது.

சரி, இப்போது சின்னவன். அவன் பையன் என்பதால் அக்கா போன மகளிர் பள்ளிக்குப் போக முடியாது. அவனுக்குத் தனியாக ஒரு வழி பார்க்க வேண்டும்.

நம் அரசுப் பள்ளிகளின் பெயரிலேயே விவரம் இருக்கிறது. தொடக்கப் பள்ளி என்றால் 1 முதல் 5 வரை. நடுநிலைப் பள்ளியில் 8 வரை படிக்கலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் 6இல் தொடங்கும், ஒன்று 10 வரை, இன்னொன்று 12 வரை. உங்கள் பிள்ளை எத்தனை முறை பள்ளி மாற வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். சின்னவன் இங்கே ஐந்து வரை படித்து, நடுநிலைப் பள்ளியில் மூன்று வருடம் இருந்து, ஒன்பதாம் வகுப்புக்கு டவுனுக்குப் போனால் இரண்டு மாற்றம். முதலிலிருந்தே நடுநிலைப் பள்ளி என்றால் ஒரே மாற்றம், ஆனால் அது ஒன்பதாம் வகுப்பில் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கு நடுவே இவன் புதிதாகப் போய் உட்கார வேண்டும், அடுத்த வருடமே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே ஐந்து வரை படித்துவிட்டு டவுன் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாலும் ஒரே மாற்றம்தான், ஆனால் அங்கே எல்லோரும் அன்று புதியவர்கள். என் மனம் இந்த வழிக்குத்தான் சாய்கிறது.

தூரம்தான் உறுத்துகிறது. தமிழ்நாட்டு விதிகளில் தொடக்க வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி, 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள் என்று இருக்கிறது. எங்களுக்கு 3 கிலோமீட்டருக்குள் இருப்பது அந்த நடுநிலைப் பள்ளி ஒன்றுதான், அதற்கு நான்கு வழிச் சாலையைக் கடக்க வேண்டும். டவுன் 6 கிலோமீட்டர். மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம், சந்தோஷம். ஆனால் எட்டே கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. பதினொரு வயதுப் பையன் அந்தக் கூட்டத்தில் படிக்கட்டில் தொங்காமல் போய் வருவானா என்பதை இன்றைக்கே நான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நடுநிலைப் பள்ளிக்குப் போன வாரம் போனேன். 6 முதல் 8 வரை கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிப் பாடங்களுக்கு ஒருவர் குறைந்தது இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே கணக்கு, அறிவியல் பட்டதாரி ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதுகிற தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் தேர்வில் வென்றால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கணக்கு ஆசிரியர் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் எப்படித் தயாராவார்கள்? இடம் எப்போது நிரம்பும் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவரும் அதைத்தான் எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அதற்குப் பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. ஆகவே ஆறாம் வகுப்புக்குப் பள்ளி தேடும்போது, வாசல் பலகையில் 'அரசு' என்றிருக்கிறதா, 'அரசு உதவிபெறும்' என்றிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆறில் எடுக்கும் முடிவு பன்னிரண்டில் வந்து நிற்கும்.

இன்று சின்னவனையும் கூட்டிக்கொண்டு டவுன் பள்ளிக்குப் போகிறேன். ஆறாம் வகுப்பு எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எத்தனை பிரிவுகள், கணக்குக்கு யார், கழிப்பறை எப்படி, மாலையில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு எடுத்திருக்கிறேன். அவன் ஆறாம் வகுப்புப் போக இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதற்குள் ஆசிரியர்கள் மாறலாம், பஸ் நேரமும் மாறலாம், அதனால் வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன்.

எட்டே கால் பஸ் வருகிறது, வளைவில் பாருங்கள். எவ்வளவு கூட்டம் என்று உள்ளே ஏறியதும் காட்டுகிறேன். வாடா கண்ணா, கையைப் பிடித்துக்கொள்.