எழுபதுக்கு அறுபத்தெட்டு
(எங்கள் ஊர் டென்னிஸ் மன்றத்தின் ஆண்டு விழாப் பரிசளிப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மன்றத்தின் தலைவரும், பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று மாடி ஜவுளிக்கடை நடத்தி வருபவரும், நம் இரண்டு ஆடுகளங்களுக்கும் தன் சொந்தச் செலவில் விளக்குப் போட்டுக் கொடுத்தவருமான பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே! எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து, என் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிற காவல் துணைக் கண்காணிப்பாளர் அவர்களே! பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே! இந்த ஊரில் பாதிப் பேருடைய முழங்காலைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிற எலும்பு மருத்துவர் அவர்களே! செயலாளர், பொருளாளர், வணிகர் சங்கப் பெரியவர்களே! பொன்னாடை போர்த்தும்போது என் கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றி வைத்த தம்பி, மைக் செட் தம்பி, பந்து பொறுக்கிப் போடும் பிள்ளைகள், எல்லாருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கூட்டம் முடிந்ததும் நேரில் வந்து வணங்கிக்கொள்கிறேன். இந்த ஊரில் வரவேற்பில் பெயர் விட்டுப்போனால் அடுத்த தேர்தல் வரைக்கும் பேச்சு இருக்காது.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விளையாட்டும் தாங்கும் சக்தியும்’. மூன்று செய்திகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். உடம்பு தாங்குவது ஒன்று. மனசு தாங்குவது ஒன்று. இவ்வளவு தாங்க வைக்கிற விதிமுறை ஒன்று. செயலாளர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். வரவேற்பிலேயே கொஞ்சம் போய்விட்டது.

2010ஆம் ஆண்டு ஜூன் 22, செவ்வாய்க்கிழமை. விம்பிள்டன். சென்டர் கோர்ட்டில் இல்லை, 18ஆம் எண் ஆடுகளத்தில், முதல் சுற்று. ஒரு பக்கம் அமெரிக்காவின் ஜான் இஸ்னர். ஆறடி பத்து அங்குலம், போட்டியில் 23ஆவது தரவரிசை. இன்னொரு பக்கம் பிரான்சின் நிக்கோலா மாஹு. உலகத் தரவரிசையில் 148ஆவது இடம், தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே வந்தவர். டென்னிஸ் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: புள்ளிகள் சேர்ந்தால் ஒரு கேம், கேம்கள் சேர்ந்தால் ஒரு செட், இந்தப் போட்டியில் மூன்று செட் எடுத்தவருக்கு ஆட்டம். அந்தத் தகுதிச் சுற்றிலேயே ஓர் ஆட்டத்தில் கடைசி செட்டை 24–22 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தார். ஆளைப் பற்றி அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மாலை 6:13க்குத் தொடங்கினார்கள். நாலு செட் முடிந்தது, ஆளுக்கு இரண்டு. இருட்டிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினார்கள். மறுநாள் பகல் 2:05க்கு ஐந்தாம் செட். அந்தக் காலத்து விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு டைபிரேக் கிடையாது, அதாவது சமநிலை வந்தால் சில புள்ளிகளிலேயே செட்டை முடித்துவைக்கிற ஏற்பாடு கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வருகிற வரைக்கும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இருவருமே சர்வில், அதாவது புள்ளியைத் தொடங்கி வைக்கிற முதல் அடியில், புலி. புல்தரையில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு போகும், எதிராளி ராக்கெட்டை நீட்டுவதற்குள் பின்சுவர் போய்ச் சேர்ந்துவிடும். இவர் சர்வில் இவர் ஜெயிப்பார், அவர் சர்வில் அவர் ஜெயிப்பார். இரண்டாம் செட்டிலேயே தொடங்கிய கதை இது, அங்கிருந்து எண்ணினால் தொடர்ந்து 168 கேம்கள் அப்படியே போயின.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். என்னைத் தெரிந்தவர்கள், இது எப்போது வரும் என்று காத்திருந்திருப்பீர்கள், வந்துவிட்டது. ஆனால் அந்தப் புதன்கிழமை முழுக்க அம்மி நகரவே இல்லை. 20–20. 30–30. 40–40. 47–47 ஆனதும் ஸ்கோர் காட்டும் பலகை நின்றுவிட்டது. அதற்கு எழுதிக் கொடுத்த கணினி நிரலுக்கு அதற்கு மேல் எண்ணத் தெரியாது! பலகை கைவிட்ட பிறகும் மனிதர்கள் ஆடினார்கள். 59–59 ஆனபோது மறுபடி இருட்டு. மூன்றாம் நாள் வியாழக்கிழமை பிற்பகல் 3:40க்கு வந்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆடி, 4:47க்கு இஸ்னர் அடித்த ஒரு பேக்ஹேண்ட் கோட்டோரமாகப் போய் விழுந்தது. 70–68. மொத்தம் 11 மணி 5 நிமிடம், 183 கேம். ஐந்தாம் செட் மட்டும் 8 மணி 11 நிமிடம். அதற்கு முன்பு உலகத்திலேயே நீளமான ஆட்டம் முழுசாகவே 6 மணி 33 நிமிடம்தான், 2004 பிரெஞ்சு ஓப்பனில். எதிராளி தொடவே முடியாத சர்வுக்கு ஏஸ் என்று பெயர். இஸ்னர் 113 ஏஸ், மாஹு 103 ஏஸ். புள்ளிகளைக் கூட்டினால் மாஹு 502, இஸ்னர் 478. தோற்றவர்தான் அதிகப் புள்ளி எடுத்திருக்கிறார்! நம் தேர்தல் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

மாஹுவை நினைத்துத்தான் எனக்கு மனசு கனக்கும். ஐந்தாம் செட்டில் முதல் சர்வ் இஸ்னருடையது. அதனால் ஒவ்வொரு முறையும் மாஹு ஒரு கேம் பின்தங்கி நின்றுகொண்டு, ‘இதை விட்டால் வீட்டுக்கு’ என்கிற நிலையில் சர்வ் போட வேண்டும். அப்படி 64 தடவை தாங்கினார், 65ஆவதில் விட்டார். 2016இல் அதே விம்பிள்டனில் ஆடவர் இரட்டையர் கோப்பையைத் தூக்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கே உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகள் அழுதுவிடும்.

ஜெயித்தவர் கதை என்ன? மறுநாளே இரண்டாம் சுற்று. நெதர்லாந்தின் டி பாக்கரிடம் 0–6, 3–6, 2–6. எழுபத்து நாலு நிமிடத்தில் முடிந்தது. முந்தைய ஆட்டத்தில் 113 ஏஸ் போட்ட கை, அன்றைக்கு ஒரு ஏஸ்கூடப் போடவில்லை. நம் மருத்துவர் தலையாட்டுகிறார். தாங்குவதற்கு ஒரு விலை உண்டு, அது ஒரு நாள் தள்ளித்தான் வசூலுக்கு வரும்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பதினொரு மணி நேர ஆட்டத்தில் அவர்கள் உட்கார்ந்தார்களா, இல்லையா? உட்கார்ந்தார்கள். டென்னிஸில் ஒற்றைப்படை கேம் முடிந்தால் பக்கம் மாற வேண்டும். செட்டின் முதல் கேமுக்குப் பிறகு மட்டும் உட்காராமல் மாற வேண்டும். மற்ற நேரமெல்லாம் 90 விநாடி நாற்காலி உண்டு, தண்ணீர் உண்டு, துண்டு உண்டு. 138 கேம் போன அந்த ஐந்தாம் செட்டுக்கு விதிப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். 68 தடவை உட்கார உரிமை. ஒரு மணி நாற்பத்திரண்டு நிமிடம்! கோடு பார்க்கும் நடுவர்களும், பந்து எடுக்கும் பிள்ளைகளும் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். நாற்காலி நடுவர் முகமது லஹ்யானி மாறவில்லை. புதன்கிழமை ஏழு மணி நேரம் அவர்தான். ஆனால் அவருக்கு வேலையே நாற்காலியில்.

இதைச் சொல்லும்போது எனக்குப் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது நினைவுக்கு வருகிறது. மைத்துனர் மகளுக்குக் கல்யாணம். புடவை எடுக்கப் பக்கத்து நகரத்துக்குப் போனோம். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், நம் தலைவர் ஐயா கடை இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். என் மனைவி, அவருடைய அக்கா, தங்கை, சம்பந்தி அம்மா, சம்பந்தி அம்மாவின் நாத்தனார். நாத்தனார் எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்டு உயிர் பிழைத்தவர் யாரும் இல்லை. அவர்களுக்குக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் வரிசையாக ஸ்டூல். எனக்குச் சோபா, கையில் காப்பி. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். இருபது வயசு இருக்கும்.

முதல் புடவையைப் பிரித்தது. “கலர் நல்லாருக்கு, பார்டர் சின்னதா இருக்கே” என்றார் அக்கா. அடுத்தது பார்டர் பெரிசு. “பாட்டி கட்டுற மாதிரி இருக்கு” என்றார் தங்கை. மயில் கழுத்து நிறம் கொண்டுவரச் சொன்னார்கள். வந்தது. “மயில் இப்படியா இருக்கும்?” என்று நாத்தனார் கேட்டார். மயிலைக் கூட்டிவர முடியாது, பாவம், அந்தப் பெண் ஏணியில் ஏறி இன்னொரு கட்டு இறக்கியது. எழுபதா அறுபத்தெட்டா, நான் எண்ணவில்லை. மத்தியானம் தாண்டியது. எனக்குச் சோபாவிலேயே ஒரு தூக்கம் முடிந்தது. கண் விழித்துப் பார்க்கிறேன், அந்தப் பெண் இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் கால் மாற்றுகிறது. அலமாரியில் லேசாகச் சாய்ந்தது. தூரத்தில் சூப்பர்வைசர் ஒரு செருமல் செருமினார். நிமிர்ந்துவிட்டது. “கொஞ்சம் உட்காரும்மா, இவங்க இன்னும் முடிவுக்கு வரலை” என்றேன். அது என்னைப் பார்க்கவில்லை. மேலே கேமராவைப் பார்த்தது. பார்த்துவிட்டு, “பரவால்ல சார், பழகிடுச்சு” என்றது.

கடைசியில் எதை எடுத்தார்கள் தெரியுமா? அக்கா கேட்டார், “அந்த முதல்ல காமிச்சியே, அது எங்க?” (பெண்கள் பக்கத்திலிருந்து இவ்வளவு சிரிப்பு வருகிறதென்றால் எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.) பிரித்துப் போட்ட அத்தனையையும் மடித்து அடுக்கிவிட்டுத்தான் அந்தப் பெண் சாப்பிடப் போயிருக்கும்.

பழகிவிட்டதாம். நம் மருத்துவர் இங்கேயே இருக்கிறார், நான் சொல்வது தப்பு என்றால் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஓடும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு வேலை செய்யாது, ரத்தம் காலிலேயே தேங்கும். கால் வீங்குகிறது, நரம்பு சுருட்டிக்கொள்கிறது, வெரிகோஸ் என்கிறோம். இஸ்னரும் மாஹுவும் ஓடினார்கள், நடுவில் உட்கார்ந்தார்கள். இந்தப் பெண் ஓடவும் இல்லை, உட்காரவும் இல்லை. கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது வேறு.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அடி மேல் அடி. 2018இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஊழியர் எல்லாருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்று எழுதியாயிற்று. ஆனால் நான் பார்க்கிற பல கடைகளில் ஸ்டூல் குடோனில் இருக்கிறது. ஆய்வுக்கு ஆள் வந்தால் கீழே இறங்கும், போனால் மேலே ஏறும். அந்த ஸ்டூலுக்குத்தான் நல்ல உடற்பயிற்சி.

விம்பிள்டன்காரர்களைப் பாருங்கள். 18ஆம் எண் ஆடுகளத்தில் அந்த ஆட்டத்துக்கு நினைவுப் பலகை வைத்தார்கள், சரி. 2018இல் இதே இஸ்னர் அரையிறுதியில் கெவின் ஆண்டர்சனோடு 6 மணி 36 நிமிடம் ஆடி, கடைசி செட்டில் 26–24 என்று தோற்றார். அதற்குப் பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 2019 முதல் 12–12 ஆனால் டைபிரேக் என்றார்கள். 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக். அந்த 70–68 இனி யாருக்கும் வராது. சாதனை போச்சே என்று புலம்புகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் புலம்ப மாட்டேன். தாங்குகிறவரைப் பார்த்துக் கைதட்டுவது சுலபம். இவ்வளவு தாங்க வைத்த விதியை யார் எழுதினார்கள் என்று விம்பிள்டனே, எட்டு வருஷம் கழித்தாவது, தன்னைக் கேட்டுக்கொண்டது.

நம் ஊரில் நூறு கடை இருக்கும். நூறு கடையிலும் கவுன்டருக்குப் பின்னால் ஆளுக்கொரு ஸ்டூல் வேண்டும், அதில் உட்கார்ந்தால் செருமல் சத்தம் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை. தீபாவளிக்குள் ஆகிவிட்டால் நல்லது, அந்தச் சமயத்தில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நிற்கிறார்கள். அடி மேல் அடி என்று நான் ஏன் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். மனசைப் பற்றிய இரண்டாவது செய்தி அப்படியே நிற்கிறது, அடுத்த ஆண்டு விழாவுக்கு வைத்துக்கொள்வோம். வாசல் பக்கம் மேஜையில் ஒரு மனு வைத்திருக்கிறேன். வணிகர் சங்கத்துக்கும் தொழிலாளர் துறைக்குமாக இரண்டு பிரதி. தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள். ஐயா, சிரிக்கிறீர்கள், அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்கிறேன். பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது. அடுத்து ஜூனியர் பிள்ளைகளுக்குப் பரிசு. வணக்கம்.