காளையை அல்ல, தாய்ப்பசுவைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினில் ஒரு காளைப்போர் நடக்க ஆறு காளைகள் வேண்டும். மாற்றுக்கென்று இன்னும் ஒன்றிரண்டு. வீரர்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு காளை. காளைக்கு நான்கு வயது நிறைந்திருக்க வேண்டும், ஆறைத் தாண்டியிருக்கக் கூடாது. முதல் தர அரங்கம் என்றால் குறைந்தது 460 கிலோ எடை. இரண்டாம் தரத்துக்கு 435, மூன்றாம் தரத்துக்கு 410. 1996ஆம் ஆண்டின் அரச ஆணை எண் 145 இந்த வயதையும் எடையையும் கறாராக எழுதிவைத்திருக்கிறது. ஆக, மணலில் கொஞ்ச நேரமே நிற்கப்போகிற ஒரு விலங்கை யாரோ நான்கைந்து ஆண்டுகள் மேய்த்து ஆளாக்க வேண்டியிருக்கிறது. அந்த மேய்ச்சலுக்கு ஐரோப்பிய வரிப்பணம் எந்த வழியாகப் போகிறது, ஐரோப்பிய நாடாளுமன்றம் இரண்டு முறை வாக்களித்தும் அது ஏன் நிற்கவில்லை, எந்த இடத்தில் கைவைத்தால் நிற்கும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கேட்டுக்கொண்டிருக்கும் பலருக்கு ஜல்லிக்கட்டு நினைவுக்கு வந்திருக்கும். அது வேறு, இது வேறு. ஸ்பெயினில் காளை கொல்லப்படுவதுதான் நிகழ்ச்சியே. ஜல்லிக்கட்டை அதோடு முடிச்சுப்போடாமல் மேலே போகிறேன்.

முதலில் பணம் வரும் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வேளாண் கொள்கைக்கு 2021 முதல் 2027 வரை ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 38,700 கோடி யூரோ. ஒன்றியத்தின் மொத்தச் செலவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. இதில் 'காளைப்போர்' என்ற பெயரில் தனியாக ஒரு வரியும் கிடையாது. 'நாங்கள் காளைப்போருக்கு ஒரு சென்ட்கூடத் தருவதில்லை' என்று அதிகாரிகள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் அது உண்மை. பணம் இரண்டு பெயர்களில் போகிறது: ஒன்று நிலத்துக்கு, மற்றொன்று மாட்டுக்கு.

1992 சீர்திருத்தத்துக்குப் பிறகு கறிமாட்டுப் பண்ணைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று நேரடி மானியம் வழங்கப்பட்டது. கன்று ஈன்று வளர்க்கும் தாய்ப்பசுவுக்கு அது 200 யூரோ வரை உயர்ந்தது. 2003இல் விதி மாறியது. விவசாயி என்ன வளர்க்கிறார் என்று பார்க்காமல், 2000 முதல் 2002 வரை அவர் வாங்கிய மானியத்தை அடிப்படையாக வைத்து ஹெக்டேருக்கு இவ்வளவு என்று 'உரிமை' எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் போர்க்காளை மந்தை வைத்திருந்தவருக்கும் அதே கணக்குதான். மந்தை மானியம் இப்படித்தான் நிலத்தின் மானியமாக உருமாறியது. ஸ்பெயின் 2006இல் இந்த முறைக்கு வந்தபோது, தாய்ப்பசு மானியத்தை மட்டும் பழையபடி தலைக்கணக்கிலேயே வைத்துக்கொண்டது. உற்பத்தியோடு இணைந்த மானியம் என்று இதைச் சொல்கிறார்கள். எனவே நிலத்துக்கு ஒரு வாய்க்கால், பசுவுக்கு ஒரு வாய்க்கால். அந்தப் பசு ஈனும் கன்று கசாப்புக்குப் போகிறதா அரங்குக்குப் போகிறதா என்று ஒன்றிய அளவிலான விதி கேட்பதில்லை.

எதிர்ப்பாளர்கள் ஆண்டுக்குச் சுமார் 13 கோடி யூரோ என்று ஒரு மதிப்பீட்டைச் சொல்வார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம் என்பேன். மானியம் பெறுவோர் பட்டியலை நாடுகள் வெளியிடுகின்றன, ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு மேல் வாங்கினால் பெயரும் வரும். ஆனால் அந்தப் பெயருக்கு எதிரே 'போர்க்காளை' என்று இருக்காது. ஒரே பண்ணையில் கார்க் மரம், பன்றி, ஆடு, போர்க்காளை நான்கும் இருந்தால் எந்தப் பணம் எதற்கு என்று பிரித்துச் சொல்ல அந்தப் பட்டியல் உதவாது. எண்ணை வைத்து வாதாடினால் எதிர்த்தரப்பு எண்ணை உடைக்கும், வாதமும் சேர்ந்து உடையும்.

இப்போது அந்த இரண்டு வாக்கெடுப்புகள். 2015 அக்டோபர் 28 அன்று, 2016ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் ஒரு திருத்தம் வந்தது. நெதர்லாந்தின் பசுமைக் கட்சி உறுப்பினர் பாஸ் ஐக்ஹவுட் கொண்டுவந்தது. காளையைக் கொல்லும் காளைப்போர்களுக்கு வேளாண் நிதியோ வேறு எந்த ஒன்றிய நிதியோ போகக் கூடாது என்றது திருத்தம். ஆதரவு 438, எதிர்ப்பு 199, நடுநிலை 50. இவ்வளவு பெரிய பெரும்பான்மை கிடைத்தும் அது செயலுக்கு வரவில்லை. காரணம் எளிது. பட்ஜெட் என்பது பணத்தின் அளவைச் சொல்லும் ஆவணம். யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சொல்வது வேளாண் சட்டம். சட்டத்தில் விலக்கு இல்லாதபோது பட்ஜெட்டில் எழுதும் குறிப்புக்குப் பிடிமானம் இல்லை.

அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு, 2020 அக்டோபரில் வேளாண் சட்டத்திலேயே திருத்தம் கொண்டுவந்தார்கள். நேரடியாகவோ இடைத்தரகர் வழியாகவோ காளைப்போருக்கு விற்கப்படுவதை 'இறுதிப் போக்கிடமாக'க் கொண்ட மாடுகளுக்கு உற்பத்தியோடு இணைந்த மானியம் கிடையாது என்றது அது. ஆதரவு 335, எதிர்ப்பு 297, நடுநிலை 60. பிறகு நாடாளுமன்றம், உறுப்பு நாடுகளின் அவை, ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஆணையம் மூன்றும் உட்கார்ந்து பேசிய பேரத்தில் அந்த வரி காணாமல் போயிற்று. 2021 டிசம்பரில் கையெழுத்தான 2021/2115 ஒழுங்குமுறையில் அது இல்லை.

அது தப்பிப் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்பது என் கருத்து. ஒரு பண்ணையைக் கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்வோம். தெஹேசா எனப்படும் ஓக் மரங்கள் நிறைந்த மேய்ச்சல் நிலம், 500 ஹெக்டேர். மரம், பாறை, புதர் போக மேய்ச்சலுக்குத் தகுதி 80 விழுக்காடு, அதாவது 400 ஹெக்டேர். தாய்ப்பசு 150, பொலிகாளை 5, இரண்டு வயது தாண்டிய காளைகள் 70, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை 100, அதற்குக் கீழே 50 கன்றுகள். மொத்தம் 375 உருப்படி, எல்லாமே போர் இனம். இதில் ஆண்டுக்கு 24 காளைகள் அரங்குக்குப் போகின்றன என்று வையுங்கள். நான்கு நிகழ்ச்சிகளுக்கு ஆறு ஆறாக.

திருத்தம் பிடிப்பது விற்கப்படும் அந்த 24 காளைகளை. மானியம் வாங்குவதோ விற்கப்படாத 150 பசுக்கள். பசு அரங்குக்குப் போவதில்லை, பட்டியிலேயே இருக்கிறது. அதன் 'இறுதிப் போக்கிடம்' ஒருநாளும் காளைப்போர் ஆகாது. சட்டத்தின் சொற்களை நேராக வாசித்தால் ஒரு பசுவின் மானியம்கூடக் குறையாது. நாடாளுமன்றத்தில் உணர்ச்சி பொங்கப் பேசியவர்கள் காளையைப் பார்த்தார்கள், பசுவைப் பார்க்கவில்லை.

ஆகவே விலக்கு எழுத வேண்டிய இடம் தாய்ப்பசு. எப்படி என்றால், போர் இனத்துக்கென்று வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. அரங்கில் இறங்கும் காளைக்கு அந்தப் பதிவேட்டின் பிறப்புச் சான்று கட்டாயம். சான்றில் பிறந்த பண்ணை இருக்கும், தாயின் எண்ணும் இருக்கும். மாட்டுக்குக் காதுவில்லை உண்டு, ஒரு பண்ணையை விட்டு வெளியேறினால் எங்கே போகிறது என்று பெயர்ச்சி ஆவணமும் உண்டு. எல்லாத் தகவலும் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது, புதிதாக ஒரு படிவம்கூட வேண்டியதில்லை. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு பண்ணையில் பிறந்த எந்த உருப்படியாவது அரங்குக்குப் போயிருந்தால், அந்தப் பண்ணையின் பெயரில் வம்சாவளிப் பதிவேட்டில் இருக்கும் பசுக்கள் அனைத்துக்கும் தலைக்கணக்கு மானியம் இல்லை என்று எழுத வேண்டும். ஐந்து ஆண்டு என்பதற்குக் காரணம் உண்டு. கன்று பிறந்து காளையாக அரங்கேற நான்கைந்து ஆண்டு ஆகிறது. ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால், ஓராண்டு விற்காமல் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு விற்பார்கள்.

'பிறந்த பண்ணை' என்ற சொல் முக்கியம். கடைசியாக விற்ற பண்ணை என்று எழுதினால், இரண்டு வயதுக் காளைகளை உறவினர் பெயரில் இருக்கும் பக்கத்துப் பட்டிக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து விற்பார்கள். அந்தப் பட்டியில் பசுவும் இல்லை, மானியமும் இல்லை, இழப்பதற்கு எதுவும் இல்லை. நிலம் ஒரு நிறுவனத்தின் பெயரிலும் மந்தை இன்னொன்றின் பெயரிலும் இருந்தால் இரண்டையும் ஒரே உரிமையாளராகக் கணக்கில் எடுக்கும் வரியும் வேண்டும். ஸ்பெயின் காளைகள் எல்லை தாண்டித் தெற்குப் பிரான்சின் நீம், ஆர்ல் அரங்குகளுக்கும் போவதுண்டு. 'நாட்டுக்குள் நடக்கும் நிகழ்ச்சி' என்று எழுதினால் அது விட்டுப்போகும்.

இனத்தையே மொத்தமாக விலக்கிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது எளிது, ஆனால் தவறு. போர் இனத்தைக் கறிக்கு மட்டும் வளர்க்க முன்வருகிறவரை அது தண்டிக்கும். அவரைப் போன்றவர்கள் பெருக வேண்டும் என்பதல்லவா நோக்கம்?

தவறாக வாங்கிய மானியத்தைத் திரும்பப் பெறும் விதியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்றிய நிதியில் நடக்கும் முறைகேடுகளைத் தொடர 1995ஆம் ஆண்டின் 2988 எண் ஒழுங்குமுறை பொதுவாக நான்கு ஆண்டு காலக்கெடு தருகிறது. காளை அரங்கேறுவதும் நான்கு வயதுக்கு மேல். கன்று பிறந்த ஆண்டின் மானியத்திலிருந்து கெடுவை எண்ணத் தொடங்கினால், காளை மணலில் கால்வைக்கும் நாளில் கெடு முடிந்திருக்கும். எனவே கெடு அரங்குக்குப் போன நாளிலிருந்து தொடங்கும் என்பதை அந்தப் பிரிவிலேயே எழுதியாக வேண்டும்.

இனி நிலத்துக்கான பணம். இது கடினம். நிலத்துக்கான மானியம் என்ன வளர்க்கிறாய் என்று கேட்காததால்தான் உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் அது 'பச்சைப் பெட்டி'யில், அதாவது வர்த்தகத்தைக் குலைக்காதவை என்று அனுமதிக்கப்பட்ட மானியங்களின் பட்டியலில், பாதுகாப்பாக இருக்கிறது. போர்க்காளை வளர்த்தால் ஹெக்டேர் பணம் கிடையாது என்று நேரடியாக எழுதினால் அந்தப் பாதுகாப்பைக் குலைக்கிறீர்கள் என்ற வாதம் உடனே எழும். ஆனாலும் நிலத்துக்கான பணத்தில் ஒரு பகுதிக்கு மந்தை நிபந்தனை உண்டு. 2023 முதல் ஸ்பெயினில் பரந்த மேய்ச்சலுக்குச் சூழல் ஊக்கத்தொகை தருகிறார்கள். பொதுவாகக் குறைந்தது 120 நாள் மேய்க்க வேண்டும், மத்தியதரைக்கடல் மேய்ச்சல் நிலத்தில் ஹெக்டேருக்கு 0.2 முதல் 1.2 வரை மாட்டு அலகு இருக்க வேண்டும். இரண்டு வயது தாண்டிய மாடு 1 அலகு, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை 0.6, அதற்குக் கீழே 0.4.

நமது கற்பனைப் பண்ணையில் பெரிய மாடுகள் 225, இளையவை 60 அலகு, கன்றுகள் 20 அலகு, மொத்தம் 305. அதை 400 ஹெக்டேரால் வகுத்தால் 0.76. சுலபமாகத் தேறுகிறது. அரங்குக்கு அனுப்பும் பண்ணையின் போர் இன மாடுகளைக் குறைந்தபட்ச அளவுக்கு எண்ணக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் பூஜ்ஜியம் ஆகிவிடும். ஊக்கத்தொகை வேண்டுமானால் வேறு இனத்தில் 80 அலகு வளர்க்க வேண்டும். மொருச்சாவோ ரெதிந்தாவோ அந்த நிலத்துக்குப் பழகிய இனங்கள்தான். ஒரு எச்சரிக்கை: அதிகபட்ச அளவைக் கணக்கிடும்போது போர் இன மாடுகளையும் கட்டாயம் எண்ண வேண்டும். அங்கேயும் எண்ணாமல் விட்டால், காகிதத்தில் 80 அலகு மேயும், நிலத்தில் 480 அலகு என்ற உச்ச வரம்பைத் தாண்டி மேய்ந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மாடு அதிகமானால் ஓக் நாற்று தலைதூக்காது.

போர்க்காளை இல்லாவிட்டால் தெஹேசாவே அழிந்துவிடும் என்பது வளர்ப்போர் தரப்பின் பெரிய வாதம். அதில் பாதி உண்மை உண்டு. எக்ஸ்த்ரெமதூரா, மேற்கு அந்தலூசியா, சலமாங்கா பகுதிகளில் இந்த மந்தைகள் நெருக்கமில்லாமல் மேய்கின்றன, மரங்கள் நிற்கின்றன. ஆனால் மரத்தைக் காப்பது மேய்ச்சலின் அளவு. மேய்கிற மாடு கடைசியில் எங்கே சாகிறது என்பது ஓக் மரத்துக்குத் தெரியாது. நான்கைந்து ஆண்டு வளர்த்த பெருங்காளைக்கு அரங்கு தரும் விலையைக் கசாப்பு தராது என்பது மெய்தான். அந்த இழப்பு நேரும். ஒரே நாளில் நிறுத்தாமல், விதி வந்த நாளில் பட்டியில் இருக்கும் கன்றுகளுக்கு மட்டும் ஐந்தாண்டு விலக்கு தருவது நியாயம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு பிறப்பவற்றுக்குக் கூடாது.

இதனால் காளைப்போர் நின்றுவிடுமா? நிற்காது. விலங்குகளின் உணர்வை மதிக்கச் சொல்லும் ஒன்றிய ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவே, உறுப்பு நாடுகளின் பண்பாட்டு மரபுகளையும் மதிக்கச் சொல்கிறது. ஸ்பெயினில் 2013ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம் காளைப்போரைப் பண்பாட்டுச் சொத்து என்கிறது. அதை நீக்கக் கேட்டு ஆறு லட்சத்துக்கு மேல் கையெழுத்தோடு வந்த மனுவை 2025 அக்டோபரில் கீழவை ஏற்கவில்லை. ஊராட்சிகள் திருவிழாவுக்குத் தரும் பணம், அரங்குப் பராமரிப்பு, பயிற்சிப் பள்ளிகள் எல்லாம் உள்ளூர்க் கணக்கு, ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் கை அங்கே எட்டாது. ஸ்பெயினின் பண்பாட்டு அமைச்சகக் கணக்குப்படி அரங்க நிகழ்ச்சிகள் 2007இல் 3,651, 2019இல் 1,425. மானியத்தில் யாரும் கைவைக்காமலேயே நடந்த சரிவு இது.

2028 முதல் 2034 வரைக்கான திட்டத்தை ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்திருக்கிறது. விவசாயிகளுக்கென்று குறைந்தது 30,000 கோடி யூரோவை ஒதுக்கிவைத்து, மீதி விவரங்களில் பெரும்பகுதியை நாடுகளின் கையில் விடுவது அதன் போக்கு. அந்தப் போக்கே நிலைத்தால், ஒன்றியச் சட்டத்தில் தாய்ப்பசுவுக்கான விலக்கு ஒரு வரியாக இல்லாதவரை, மத்ரிதும் லிஸ்பனும் பாரீஸும் தத்தம் திட்டத்தில் அதைத் தாமாக எழுதப்போவதில்லை. உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் 'காளைப்போருக்கு மானியம் கூடாது' என்று எழுதுவதை விட்டு, உற்பத்தியோடு இணைந்த மானியப் பிரிவில் 'பிறந்த பண்ணை', 'வம்சாவளிப் பதிவேடு', 'ஐந்து ஆண்டு' என்ற மூன்று சொற்களும் வரும் திருத்தத்தை வரிவரியாக எழுதி அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.